‘அதெல்லாம் பண்ணிரலாங்கண்ணா’: ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் ஃப்ரீலான்ஸ் டெவலப்பர் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு கலாசிபாளையத்தில் உள்ள ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்துகிறது. சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை லைன். சொந்த லாரி 4, மற்றபடி வெளிவண்டி. தினமும் 120 முதல் 150 எல்.ஆர். (லாரி ரசீது, சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் சீட்டு) விழும். முன்னால் இரண்டு கவுன்ட்டர், பின்னால் குடோன். எல்.ஆர். மூன்று பிரதி கார்பன் புத்தகத்தில், கணக்கு டேலியில், இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு) வண்டி எண் போடும் பகுதியான பார்ட்-பி அரசு போர்ட்டலில் கையால். இதுதான் 2023 ஜூன் வரை நடைமுறை.

கேட்டது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. எல்.ஆர். போட்டு அச்செடுக்க வேண்டும். எந்த வண்டியில் எந்தச் சரக்கு என்று காட்டும் லோடிங் ஷீட் தயாராக வேண்டும். டு-பே (சரக்கைப் பெறுபவர் வாடகை கட்டுவது), பெய்டு (அனுப்புபவர் கட்டுவது) பாக்கி தெரிய வேண்டும். முடிந்தால் பார்ட்-பி தானாகப் போக வேண்டும். பட்ஜெட் 2,80,000 ரூபாய். கம்பெனிகள் சொன்ன விலை கட்டுப்படியாகாததால் ஃப்ரீலான்சர் தேடினார்கள்.

நேர்காணல் எடுத்தவர்கள் இருவர்: உரிமையாளரான பெரியவர், பி.காம். முடித்துக் கணக்குப் பார்க்கும் அவருடைய தம்பி மகள். இருவருக்கும் கோடிங் தெரியாது. இந்த ஆய்வுக்கு அது முக்கியமான தகவல். கீழே வரும் எச்சரிக்கைக் குறிகளில் பெரும்பாலானவை கோடிங் தெரியாதவர் கண்ணுக்கும் படக்கூடியவை. அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில் அப்போதே எழுதப்பட்டவை.

முதல் சுற்று: நோட்டில் இருந்தவை

மூன்று பேரிடம் வீடியோ காலில் பேசினார்கள், ஆளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம். மூன்றாமவர் ஆரம்பம் முதலே ‘எங்க டீம், எங்க ஆபீஸ்’ என்று பேசியதால் அவரை அன்றே விட்டுவிட்டார்கள். மிச்சம் இருவர்.

முதலாமவர் ராசிபுரத்துக்காரர், கோரமங்கலாவில் தங்கியிருப்பவர். ஐந்தாவது நிமிடத்தில் ‘சார்’ போய் ‘அண்ணா’ வந்துவிட்டது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன் என்று பெரியவர் விசாரித்ததில் நேரம் போனது. பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய எண் கேட்கவில்லை. ஊர்ப்பெயரே அந்த இடத்தை நிரப்பிவிட்டது.

இரண்டாமவர் அத்திப்பள்ளியிலிருந்து பேசினார். நெட் விட்டு விட்டு வருகிறது என்று கேமராவை அணைத்துவிட்டார். பேச்சு தயங்கித் தயங்கி வந்தது. கேட்ட தொகை 3,60,000, காலம் 14 வாரம். தொகை சொல்லும் முன் அரை நாள் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார்.

இருவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது. லாரி தொப்பூர் கணவாயில் படுத்துவிட்டது, சரக்கை வேறு லாரிக்கு மாற்றுகிறோம், சாஃப்ட்வேரில் என்ன செய்வீர்கள்?

முதலாமவர் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் பண்ணிரலாங்கண்ணா. ஒரு எடிட் பட்டன் குடுத்தரலாம், வண்டி நம்பர மாத்திக்கலாம்.”

இரண்டாமவர் சற்று நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இவர்கள் ‘ஹலோ’ சொன்னார்கள். பிறகு கேட்டார்: “பழைய வண்டி நம்பர் எங்காச்சும் நிக்கணுங்களா? சரக்குல பாதிய மட்டும் மாத்துனீங்கன்னா மீதி எந்த ஷீட்ல வரும்? இ-வே பில் சைடு எனக்குச் சரியாத் தெரியாது, பாத்துட்டுச் சொல்றேன்.”

தொழில் தெரிந்தவருக்கு இதில் எது சரியான பதில் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. எல்.ஆர். மாறாது, லோடிங் ஷீட் இரண்டாகப் பிரியும். போர்ட்டலில் பார்ட்-பியில் புது வண்டி எண்ணை, ‘வண்டி பழுது’ என்ற காரணத்தோடு சேர்க்க வேண்டும். பழைய பதிவும் நிற்கும். வண்டி மாற்றியதற்காகச் செல்லுபடிக் காலம் நீளாது, 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கு, பார்ட்-பி முதன்முதலில் போட்டபோது தொடங்கியதுதான். காலம் போதாவிட்டால் முடிவதற்கு 8 மணி நேரம் முன்னோ பின்னோ நீட்டிப்புத் தனியாகக் கேட்க வேண்டும். இவ்வளவும் ஒரு எடிட் பட்டனில் அடங்காது. 30 வருடம் லாரித் தொழிலில் இருக்கும் பெரியவருக்கு இது மனப்பாடம். ஆனாலும் உடனே வந்த ‘பண்ணிரலாம்’ கெட்டிக்காரத்தனமாகவும், தயக்கம் அரைகுறையாகவும் அன்று அவருக்குத் தோன்றின.

முதலாமவரைப் பற்றி நோட்டில் இருந்த மற்ற வரிகள்:

அவர் அனுப்பிய கிட்ஹப் (கோடைச் சேமித்து வைக்கும் இணையதளம்) இணைப்பில் ஒரு டிரான்ஸ்போர்ட் புராஜெக்ட் இருந்தது. 200க்கும் மேற்பட்ட ஃபைல்கள், கமிட் (மாற்றத்தைச் சேமித்த பதிவு) மட்டும் 3. முதல் கமிட்டிலேயே மொத்தமும் ஏறியிருந்தது, படிப்படியாக எழுதிய தடம் இல்லை. மற்ற இரண்டும் அதே மாலை முகப்பு விவரத்தைத் திருத்தியவை. கேட்டதற்கு, “கிளையன்ட் கோடு பிரைவேட்ல இருக்குங்க, இது காப்பி” என்றார். இந்த விளக்கம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் நல்ல டெவலப்பர்களுக்கும் காட்ட வேலை இருக்காது. ஆனால் அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டதுதான் தவறு. ‘சரி, காப்பியாகவே இருக்கட்டும். இதைத் திறந்து, எல்.ஆர். படிவத்தில் ஹமாலி (சுமைதூக்குபவர்) கூலிக்கு ஒரு கட்டம் சேர்த்துக் காட்டுங்கள்’ என்று கேட்டிருந்தால் 15 நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பிளே ஸ்டோரில் காட்டிய செயலியின் கீழே டெவலப்பர் பெயராக வேறொரு நிறுவனம் இருந்தது. அதில் எந்தத் திரை இவர் செய்தது என்று கேட்டபோது, ‘நான்’ என்று தொடங்கிய வாக்கியம் ‘நாங்க’ என்று முடிந்தது.

பேசக் கிடைப்பது இரவு 9.30க்கு மேல், அல்லது ஞாயிறு. டொமைனும் சர்வரும் அவருடைய கணக்கிலேயே இருக்கட்டும், ‘ரினியூவல் டென்ஷன் உங்களுக்கு வேண்டாம்’ என்றார். பணம் வேறு பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வேண்டும், டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கக் கூடாது. 50 நிமிடத்தில் அவர் பக்கமிருந்து வந்த கேள்வி ஒன்றே ஒன்று: அட்வான்ஸ் எப்போது?

முடிவும் அதன் காரணமும்

முதலாமவர் 2,40,000 கேட்டார். இரண்டே நாளில் லாகின் திரையும் வண்ண வரைபடங்கள் கொண்ட டேஷ்போர்டும் செய்து காட்டினார். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்மின் டெம்ப்ளேட் (ஆயத்தத் திரை மாதிரி) என்பது பிறகுதான் தெரிந்தது. டெம்ப்ளேட் எடுப்பதில் தவறில்லை, எல்லோரும் எடுப்பார்கள். இரண்டு நாளில் செய்தது இவ்வளவு என்றால் 10 வாரத்தில் எவ்வளவு செய்வார் என்று அவர்கள் போட்ட கணக்கு மட்டும் தவறு.

இரண்டாமவரைத் தள்ளியதற்கு நோட்டில் எழுதப்பட்ட காரணம் நான்கு சொல்: ‘முகம் காட்டவில்லை. விலை அதிகம்.’

“நோட்டுல இவ்வளவு எழுதி வச்சிருக்கேன் பெரியப்பா, ஒரு தடவ பாருங்க” என்று அந்தப் பெண் சொல்லத்தான் செய்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர், அதனால் இரவு. சம்பளக் கணக்கில் குழப்பம் வேண்டாமென்று வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்து யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 40 சதவீதம், 96,000 ரூபாய், அட்வான்ஸ் போனது. ஒப்பந்தம் என்று இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பக்க கொட்டேஷன்.

11 வாரம்

முதல் மூன்று வாரம் திரைகள் வந்தன. நான்காவது வாரம் அந்தப் பெண் தேதிக் கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் போட்டுப் பார்த்தார். அன்று ஆபீஸ் பூட்டியிருந்தது. டேஷ்போர்டு 137 எல்.ஆர். என்றது. முந்தின வெள்ளிக்குப் போட்டாலும் 137, தீபாவளிக்குப் போட்டாலும் 137. எண் திரையில் நேரடியாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. பின்னால் கணக்கே இல்லை. ‘டம்மி டேட்டா, அப்பறம் மாத்தலாம்’ என்றார். இரண்டாவது தவணை 48,000 அதன் பிறகுதான் கொடுக்கப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

ஆறாவது வாரம் கவுன்ட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மாலை, நெரிசல் நேரத்தில், 4472 என்ற ஒரே எண்ணில் இரண்டு எல்.ஆர். அச்சாகின. ஒன்று ஈரோட்டுக்கு 6 பெட்டி எலெக்ட்ரிகல் சாமான், மற்றது திருப்பூருக்குத் தையல் மெஷின் ஸ்பேர். திருப்பூர் குடோனில் ஆள் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுத்தது சுவிட்ச் பெட்டி.

காரணம் எளிது, அடிக்கடி நடப்பதும்கூட. கடைசி எண்ணைப் படி, 1 கூட்டு, சேமி என்று எழுதியிருந்தார். ஒரு கவுன்ட்டர் 4471-ஐப் படித்து 4472 என்று சேமிப்பதற்குள் மற்ற கவுன்ட்டரும் 4471-ஐயே படித்துவிட்டது. எண்ணைத் தருகிற வேலையை டேட்டாபேஸிடம் விட்டு, ஒரே எண் இரண்டாம் முறை நுழையாதபடி அந்தக் கட்டத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடும் போட்டிருந்தால் இது நடக்காது. ஒருவர் மட்டும் பயன்படுத்திய மென்பொருளை எழுதியவருக்கு இது தோன்றாது. இரண்டு கவுன்ட்டர் உள்ள இடத்தில் வேலை பார்த்தவருக்கு முதலில் தோன்றுவதே இதுதான்.

எட்டாவது வாரம் போனில் வேறொரு குரல் வந்தது. வேலை கை மாறியிருந்தது. புதியவர் கேட்ட முதல் கேள்வி, எல்.ஆர். என்றால் என்ன என்பது. ஒன்பதாவது வாரம் கூடுதலாக 60,000 கேட்கப்பட்டது. இ-வே பில் போர்ட்டலோடு சாஃப்ட்வேர் தானாகப் பேசும் ஏபிஐ வேண்டுமென்றால் ஜி.எஸ்.பி. எனப்படும் இடைநிலை நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்று அப்போதுதான் சொன்னார்கள். முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியது. 11வது வாரத்தோடு போன் எடுப்பது நின்றது.

கணக்கு: போனது 1,44,000. கோடு கைக்கு வரவில்லை. சர்வரும் டொமைனும் அவர் பெயரில். வக்கீலிடம் கேட்டார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவின்படி எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதென்றால் மட்டுமே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. 19வது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப் கொட்டேஷனில் விலையைத் தவிர ஒன்றும் இல்லை. வழக்குச் செலவைக் கணக்கிட்டு விட்டுவிட்டார்கள்.

தப்பித்தது ஒன்று. புது சாஃப்ட்வேர் வந்தாலும் கார்பன் புத்தகத்தை நிறுத்தக் கூடாது என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார். அதனால் ஒரு நாள்கூட லோடு நிற்கவில்லை.

இரண்டாம் சுற்று

இம்முறை முறையை மாற்றினார்கள். முதலில் ஒரு பக்கத்தில் தேவையை எழுதி முன்கூட்டியே அனுப்பினார்கள். அதில் வேண்டுமென்றே ஒரு முரண் விடப்பட்டது: ஓரிடத்தில் எல்.ஆர். எண் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே வரிசை, இன்னோரிடத்தில் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் தனி வரிசை. படித்தவர் கேட்பார். ஐந்து பேரில் மூன்று பேர் கேட்டார்கள். மற்ற இருவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்த மூவரோடு 25 நிமிடப் பேச்சு. தொப்பூர் கேள்வியே மறுபடியும். ஆனால் பதில் எதுவானாலும் அதன் மேல் ஒரு கேள்வி: ‘அப்புறம் அந்தப் பழைய எண் எங்கே போகும்?’ தயாரித்து வந்த பதிலும், பக்கத்துத் திரையைப் பார்த்துப் படிக்கும் பதிலும் முதல் கேள்விக்குத் தாங்கும். இரண்டாவது கேள்விக்குப் பொதுப்பேச்சாகிவிடும். ஒருவர் ஒவ்வொரு கேள்வியையும் உரக்கத் திருப்பிச் சொல்லி, ஒரே அளவு இடைவெளி விட்டு, எழுத்து நடையில் பதில் சொன்னார். தனியாக இதை வைத்து ஒரு ஆளைத் தள்ள முடியாது. ‘போன வாரம் உங்களை ரொம்ப நேரம் படுத்தி எடுத்த ஒரு தப்பைச் சொல்லுங்க’ என்றதற்கும் அதே நடையில், எந்த ஃபைல் என்று இல்லாமல் பதில் வந்தபோது நிறுத்திக்கொண்டார்கள். உண்மையில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்வி கேட்டாலே புலம்பல் வரும்.

மிச்சம் இருவர். அவர்களில் ஒருவர் முன்பு தள்ளப்பட்ட அத்திப்பள்ளிக்காரர். அந்தப் பெண்தான் மறுபடி கூப்பிட்டார். அவர் கேமராவை இம்முறையும் அணைத்தே வைத்திருந்தார். ஆனால் திரையைப் பகிரச் சொன்னதும் உடனே பகிர்ந்தார். முகம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, கை வேலை செய்வது தெரிந்தால் போதும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

இருவருக்கும் கூலியோடு சோதனை வேலை, ஆளுக்கு 6,000 ரூபாய், 8 மணி நேரக் கணக்கு. இரண்டு கவுன்ட்டர் ஒரே நேரத்தில் எல்.ஆர். போட வேண்டும், எண் இடிக்கக் கூடாது, அச்சு வர வேண்டும். கோடு ஏற வேண்டிய இடம் குடும்பத்தின் பெயரில் திறக்கப்பட்ட கிட்ஹப் கணக்கு. ஓசியில் சோதனை வேலை கேட்பது நல்ல ஆட்களைத் துரத்திவிடும். 12,000 ரூபாய் 1,44,000-ஐவிடக் குறைவு.

ஒருவர் 5 மணி நேரத்தில் முடித்தார். கோடு பார்க்கச் சுத்தமாக இருந்தது, விளக்கக் குறிப்புகளோடு. கமிட் ஒன்றே ஒன்று. எண் எடுக்கும்போது டேட்டாபேஸில் பூட்டுப் போடும் வரியைக் காட்டி, தெரிந்த ஒரு டெவலப்பர் எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ‘ஸ்லோ ஆகும்’ என்றார். ஆகாது, எண் இடிக்கும். ஏஐ கருவியை வைத்து எழுதியிருக்கலாம். அது குற்றமும் இல்லை, இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எழுதி வந்த வரி எதற்கு என்று தெரியாமல் ஒப்படைப்பதுதான் பிரச்சினை.

அத்திப்பள்ளிக்காரர் ஒரு நாள் தாமதம். கமிட் 14, ஒவ்வொன்றிலும் என்ன மாற்றினார் என்று ஒரு வரி. கூடவே ஒரு குறிப்பு: அச்சு இடது ஓரம் சரியில்லை, ரத்தான எல்.ஆர். எண்ணை என்ன செய்வது என்று முடிவாகவில்லை, கரன்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை.

பரிசோதனை கவுன்ட்டரிலேயே நடந்தது. இரண்டு லேப்டாப் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பேர், ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவது, 20 தடவை. இவருடையதில் 40 எல்.ஆருக்கு 40 எண். கோடிங் தெரியாதவர் செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிட நல்லது கிடைப்பது கடினம்.

விளைவு

3,60,000-க்கே ஒப்பந்தம் ஆனது. 10 சதவீதம் அட்வான்ஸ், மீதி நான்கு தவணை. ஒவ்வொன்றும் கவுன்ட்டரில் ஒரு வாரம் ஓடிய பிறகு. டொமைன், சர்வர், கிட்ஹப் மூன்றும் ஆபீஸ் பெயரில், அவருக்கு அனுமதி மட்டும். பில் கொடுப்பவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், டி.டி.எஸ். ஆடிட்டர் சொல்கிறபடி. உரிமை மாற்றப் பிரிவில் ‘காலவரையறையின்றி, உலகம் முழுவதற்கும்’ என்று வக்கீல் எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும்.

14 வாரம் என்றது 17 ஆனது. அதில் 9 நாளைத் தின்றது டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். முன்னரே அச்சிட்ட மூன்று பிரதித் தாளில் எழுத்து கோட்டின் மேல் விழுந்தது. பிரின்டரை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்கும் ஆபீஸுக்குமாகத் தூக்கி அலைந்து, கடைசியில் வரிக்கு வரி இடைவெளி அளந்து சரிசெய்தார்கள். பார்ட்-பி இணைப்பை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். தினசரி 150 எல்.ஆரில் இ-வே பில் தேவைப்படும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தபின் கட்டணம் கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யலாம் என்பது டெவலப்பரே சொன்ன யோசனை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் சுற்றில் குறி தெரியாமல் போகவில்லை, தவறான குறியைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். அணைந்த கேமரா, திக்கும் பேச்சு, ‘தெரியாது’ என்ற சொல், அதிக விலை இவையெல்லாம் பொய்க்குறிகள். உடனடி ‘பண்ணிரலாம்’, நாங்க-நான் குழப்பம், ஒரே கமிட்டில் ஏறிய மொத்தக் கோடு, வேறு பெயரில் கணக்கு, எதிர்க்கேள்வியே இல்லாமை இவை மெய்க்குறிகள். இப்போது நோட்டில் இரண்டு பத்தி இருக்கிறது: ஒன்றில் கண்டது, எதிரே அவர் சொன்ன சமாதானம். சமாதானம் மூன்றைத் தாண்டினால் அட்வான்ஸ் கிடையாது.

ஊர்க்காரர் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பழைய வாடிக்கையாளர் இருவரிடம் பேச வேண்டும். ‘நல்லா பண்ணாரா?’ என்று கேட்டால் ‘நல்லா’ என்றுதான் வரும். ‘முடிஞ்ச பிறகு பழுது வந்தப்ப யாரைக் கூப்பிட்டீங்க?’ என்று கேட்க வேண்டும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. இப்போதும் எல்லாம் ஒரே ஆளை நம்பி இருக்கிறது. கடவுச்சொற்கள் உறையில் போட்டு ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. ஒப்படைப்புக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு டெவலப்பரைப் புது கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டச் சொன்னார்கள். மூன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் குறிப்பு விடுபட்டிருந்தது: தமிழ் எழுத்துரு எங்கிருந்து எடுப்பது, இரவு பேக்கப் எந்தக் கணக்கில் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்த பிறகுதான் கடைசித் தவணை போனது. கார்பன் புத்தகம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. பெரியவர் நாளுக்கு ஒரு பக்கமாவது எழுதுகிறார்.